தஞ்சைக் குறத்தியும் பிரசங்க பீடமும்

மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரின் மாணாக்கரான தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சியில், கிறிஸ்துநாதர் பாட்டுடைத் தலைவராய்ப் பவனி வர, அவர்மீது மையல் கொண்ட தேவமோகினிக்குக் குறத்தி வந்து குறி சொல்லுகிறாள். அவள் கணவனான சிங்கனோ, ஆத்துமாக்களாகிய பட்சிகளைக் கண்ணி வைத்துப் பிடிக்கிறான். இதனை வெறும் அலங்காரமென்று ஒதுக்குவோர் உண்டு. எனக்கோ, சைவ வைணவ பக்தியிலே ஊறிய ஜனங்களுக்கு, நாயகனை நாடி உருகும் நாயகியின் விரகமானது, கிறிஸ்துவுக்கும் திருச்சபைக்கும் உள்ள சம்பந்தத்தை எந்த வேதாகம வியாக்கியானத்தைக் காட்டிலும் தெளிவாய் உணர்த்தியிருக்கும் என்றே தோன்றுகிறது. இன்றோ நம் பிரசங்கிகளில் பலர், மேனாட்டுப் பண்டிதரின் விரிவுரையை வரிக்கு வரி பெயர்த்து ஒப்பித்துவிட்டு, பின்வரிசையார் கண்ணயர்வதற்குப் புழுக்கத்தின்மேல் பழி போடுகிறார்கள்.