மாமரமும் சூரியத் தகடும்

வெயிலிடம் வேலை வாங்கத் தெரியாதவர்கள் என்று யாழ்ப்பாணத்தாரை எவரும் குறை கூற இயலாது. பனங்கிழங்கை ஒடியலாக்குவதும், பனங்களியைப் பனாட்டாக்குவதும், மீனைக் கருவாடாக்குவதும், ஆனையிறவிலே கடல்நீரை உப்பாக்குவதும் கதிரவன் நமக்குச் செய்துவரும் ஊழியங்களன்றோ? இப்பொழுது அவனைக் கொண்டு விளக்கெரிக்கவும் தொடங்கியிருக்கிறோம். வீதியிற் செல்லும்போது நிமிர்ந்து பார்த்தால், ஓட்டுக் கூரைகளின் மேல் கருநீலத் தகடுகள் பளபளக்கின்றன.

சென்ற வாரம் நம் அயலிலுள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் முகவாட்டத்துடன் வந்தார். கனடாவிலிருக்கும் மகன் தகடு பொருத்தப் பணம் அனுப்பிவிட்டான். கூரையைப் பார்க்க வந்தவர்களோ, முற்றத்திலுள்ள கறுத்தக்கொழும்பான் மாமரம் நிழல் வீழ்த்துகிறது, அதைத் தறித்தாலன்றிப் பயனில்லை என்று சொல்லிப் போய்விட்டார்கள். "வீட்டிலை இரண்டு நாளாக என்னோடை பேச்சில்லை. மரம் அவவின்ரை ஐயா வைச்சது. நீங்கள் என்ன சொல்லுறியள்?" என்று கேட்டார்.

வந்தவர்கள் கூறியதில் உண்மை இல்லாமலில்லை. தகட்டிலுள்ள சிலிக்கன் கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டவை. தோட்டத்து வாய்க்காலில் ஓரிடத்தில் மண் சரிந்தால் கடைசிப் பாத்திவரை நீர் குறைவதுபோல, சில கலங்களில் நிழல் விழுந்தாலும் அந்தத் தொடர் முழுவதிலும் மின்னோட்டம் தளர்ந்துவிடும். ஆனால், நிழல் விழுமிடத்தில் ஏன் தகட்டை வைக்கவேண்டும் என்ற கேள்வியையும் நாம் கேட்கவேண்டுமல்லவா?

மாணவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். யாழ்ப்பாணம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 9.7 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்டு இறுதியிலும் நண்பகலிற் சூரியன் நம் உச்சிக்கு நேரே வந்துவிடும். முற்றத்தில் ஒரு கோலை நட்டுப் பாருங்கள். நிழல் கோலின் அடியிலேயே அடங்கிவிடும். இடைப்பட்ட மாதங்களில் நண்பகற் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். ஆகையால் தென்சரிவே சிறந்ததாயினும், மற்றச் சரிவுகளும் இங்கே வீணல்ல; விளைவு சிறிது குறையும், அவ்வளவே.

ஆசிரியருடன் சென்று காலை, நண்பகல், மாலை ஆகிய மூன்று வேளையும் நிழலின் எல்லையைக் குறித்தோம். குசினிப் பக்கத்துச் சரிவில் நாள் முழுவதும் வெயில் இருந்தது. 5 கிலோவாற்றுக்கு ஏறக்குறைய 300 சதுர அடி தேவை. அங்கே இருந்த இடம் 3 கிலோவாற்றுக்கே போதும். நன்கு வெயில் படும் கூரையில் ஒரு கிலோவாற்று மாதத்துக்குச் சுமார் 100 முதல் 120 அலகு வரை தரும். முதியவர் இருவர் வாழும் வீட்டுக்கு 3 கிலோவாற்று தாராளம். மரமோ, விசிறியைக் குறைத்து வீட்டைக் குளிர்விக்கிறது. அதுவும் மின்சாரச் சேமிப்பே.

இன்னொரு விஷயத்தைப் பலர் பொருத்திய பின்னரே அறிகிறார்கள். மின்வலையோடு இணைத்த சாதாரணத் தகடுகள், வெளியே மின்சாரம் நின்றவுடன் தாமும் நின்றுவிடும். கம்பத்திலேறித் திருத்துபவர்மீது நம் கூரை மின்சாரம் பாயாதிருக்கவே இவ்வேற்பாடு. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு இருந்தபோது, மின்கலச் சேமிப்பு இல்லாத வீடுகளிற் கூரையில் தகடும் கீழே மெழுகுதிரியுமாக இருந்தனர். வெட்டுவேளையிலும் ஒளி வேண்டுமாயின் மின்கலமும் அதற்குரிய மாற்றியும் வேண்டும், செலவும் கூடும்.

வருமானக் கணக்கிலும் நிதானம் தேவை. 2016 செப்டெம்பரில் அரசாங்கம் 'சூரிய பல சங்கிராமய' திட்டத்தைத் தொடங்கியபோது, விற்கும் அலகொன்றுக்கு முதல் 7 ஆண்டுகள் 22 ரூபாவும், அடுத்த 13 ஆண்டுகள் 15.50 ரூபாவும் என்றனர். புதிதாக இணைவோருக்கான விலை அதன்பின் பலமுறை மாறிவிட்டது. 2025 ஏப்ரலில், புத்தாண்டு விடுமுறையால் மின்தேவை குறைந்தபோது, பகலிற் கூரைத் தகடுகளை நிறுத்திவைக்குமாறு மின்சார சபையே வேண்டிக்கொண்டது. நண்பகலில் மிகுதி, இரவிற் பற்றாக்குறை. இதுவே இன்றைய சிக்கல். ஆதலால் அயலவருக்குக் கிடைத்த விலையை நம்பாமல், இன்றைய விலையைக் கேட்டறிந்து கைச்சாத்திடுவதே புத்தி. நீரிறைத்தல், துணி தோய்த்தல், ஸ்திரி போடுதல் முதலிய வேலைகளைப் பகலுக்கு மாற்றுவது எந்த விலையிலும் நட்டமாகாது. கடலோரத்தார் உப்புக்காற்றைத் தாங்கும் அலுமினியச் சட்டமும் துருப்பிடியா ஆணிகளும் கேட்டு வாங்கவேண்டும்.

1990இல் போரோடு மின்சாரம் அற்றுப்போன காலத்தை நம்மிற் பலர் மறவார். ஜாம் போத்தலிற் சிறிது மண்ணெண்ணெய் விட்டுத் திரியிட்டுப் படித்த பிள்ளைகள் இன்று பேரப்பிள்ளைகளைக் கண்டுவிட்டார்கள். சைக்கிளைக் கவிழ்த்து மிதியைச் சுற்றி, டைனமோவினால் வானொலி கேட்ட ஊர் இது. ஓர் அலகின் பெறுமதியை நமக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. அதே காலத்தில் பசியாற்றியவை முற்றத்து மரங்கள் என்பதையும் நாம் மறத்தலாகாது.

ஆசிரியர் மகனுக்குத் தொலைபேசியிற் கணக்கைச் சொன்னார். 3 கிலோவாற்றுத் தகடு போதும், மிஞ்சிய பணத்தில் சிறிய மின்கலம் ஒன்று வாங்குங்கள் என்று அவனும் இசைந்தான். நாம் விடைபெறும்போது அம்மையார் தேநீர் கொண்டுவந்தார். "இந்தப் பருவத்துக்குக் காய் நல்லாய்ப் பிடிச்சிருக்கு" என்று கணவரிடம் சொன்னார். இரண்டு நாட்களுக்குப் பின் அவர் பேசிய முதல் வார்த்தை அதுவாம்.