கட்டிவைத்தல் காத்தலாகுமா?

முதியவர் விழுவது இயல்பு. விழாமற் காப்பதற்கு அவரைக் கட்டிலோடு கிடத்துவதே வழி என்பர் சிலர். இக்கூற்றின் முற்பகுதி அரை உண்மை. பிற்பகுதி முழுப் பொய். ஆயினும் பராமரிப்பு இல்லங்கள் பலவற்றில் இப்பொய்யே 'பாதுகாப்பு' என்னும் பெயரோடு உலவுகின்றது.

முதுமை மருத்துவ அறிஞர் பேணாட் ஐசாக்ஸ் முதுமையை வாட்டும் பேரிடர்களாக நான்கினை வகுத்தார்: அசைவின்மை, நிலைதளர்ந்து வீழ்தல், மலசலம் அடக்கவியலாமை, அறிவுத் தளர்ச்சி. வீழ்ச்சிக்கு அஞ்சி முதியவரைக் கட்டிவைப்போர் இரண்டாவது இடரை நீக்குவதாக எண்ணி முதலாவதை அவர்மேற் சுமத்துகின்றனர். நாள் முழுதும் படுத்திருப்பவரின் தொடைத் தசை மெலிகின்றது. எழுந்து நிற்கையில் இரத்த அழுத்தம் சட்டெனத் தாழ்ந்து தலை சுற்றுகின்றது. பின்னர் அவர் ஒருநாள் எழுந்து விழுந்தால், 'முன்னரே சொன்னோமே' என்பர். அவ்வீழ்ச்சியை ஆக்கியவர் யார்?

அமெரிக்காவில் 1987ஆம் ஆண்டுச் சட்டம் பராமரிப்பு இல்லங்களிற் கட்டிவைத்தலைக் கட்டுப்படுத்தியது. கனெக்ரிகட் மாநில இல்லங்களில் மேரி தினெற்றி முதலானோர் நடத்தி 1992இல் வெளியிட்ட ஆய்வில், கட்டப்படாதோருள் நூற்றுக்கு 5 பேரும் கட்டப்பட்டோருள் நூற்றுக்கு 17 பேரும் வீழ்ந்து கடுங்காயமுற்றனர். கட்டப்பட்டோர் ஏலவே நலிந்தவரல்லரோ எனின், அவ்வேறுபாடுகளைக் கணக்கிற் கொண்டபின்னரும் முடிவு மாறவில்லை.

ஆட்பற்றாக்குறை என்னும் வாதம் எஞ்சுகின்றது. அது மெய்யான குறையே. ஆனால் அது நிதி பற்றிய குறை. அதற்கு மருத்துவ நியாயம் என்னும் வேடம் ஏன்? இலங்கையில் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நூற்றுக்குப் பன்னிருவருக்கு மேற்பட்டோர் அறுபது வயதினைக் கடந்தோர். முதியோர் உரிமைகளைக் காக்கவென 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமும் உண்டு. நடமாடுதல் அவ்வுரிமைகளுள் அடங்காதோ?

செய்யத்தக்கவை பெருஞ்செலவின அல்ல. மலசலகூடச் சுவரிற் கைபிடி, இரவிற் சிறு விளக்கு, தாழ்ந்த கட்டில், காலுக்குப் பொருந்திய செருப்பு, கைக்கெட்டும் மூக்குக்கண்ணாடி. பார்வையாளர் வரும் நாளுக்கென மெழுகிட்டு மினுக்கப்படும் சிவப்புச் சீமெந்துத் தரை யாருக்கு அழகு என்பதனையும் நிருவாகிகள் சிந்திப்பாராக. இவற்றினும் முதன்மையானது மருந்து. இரவில் அமைதி நிலவவேண்டுமென்று கொடுக்கப்படும் தூக்கமாத்திரை விடியலிலும் காலைத் தள்ளாடச் செய்கின்றது. அம்மாத்திரை நோயாளிக்காகவா, இரவுக் கடமையாளருக்காகவா என வைத்தியர் வினவவேண்டும்.

வீழ்ச்சிகளைப் பதியும் புத்தகத்திற் பெயரும் நேரமும் காயமும் மட்டும் எழுதப்படின் பயனில்லை. விழுந்தவர் எதன்பொருட்டு எழுந்தார் என்பதும் எழுதப்படல் வேண்டும். நள்ளிரவு இரண்டு மணிக்கு மூதாட்டி ஒருவர் மலசலகூடத்தை நாடி எழுந்தாரெனத் தெரியின், மறுநாள் இரவு ஒன்றரை மணிக்கே தாதி சென்று அவரைக் கைபிடித்து அழைத்துச் செல்லலாம்.