ஜாப் கார்டில் ஏறாத பழுது

புது லாரியில் வரும் மின்பழுது மற்றப் பழுதுகளைப் போன்றதல்ல. கியர் பாக்ஸில் பல் உடைந்தால் சத்தம் கேட்கும். ரேடியேட்டர் ஓட்டையானால் தரையில் தண்ணீர் நிற்கும். வயரிங்கில் ஓர் இணைப்பு தளர்ந்திருந்தால் வெளியே எதுவும் தெரியாது. வண்டி குலுங்கும்போது தொடர்பு அறும், நின்றதும் சேரும். மழையில் ஹெட்லைட் மங்கும், வெயில் அடித்ததும் சரியாகிவிடும். வைத்தியர் வீட்டு வாசலை மிதித்ததும் பல்வலி நின்றுபோகும் என்பார்களே, அந்தக் கதைதான். வழியில் மூன்று முறை நின்ற வண்டி சர்வீஸ் சென்டருக்குள் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகும். மெக்கானிக் ஸ்கேனரை மாட்டிப் பார்ப்பார், பதிவாகியிருக்கும் எரர் கோடை அழிப்பார், 'வண்டி நல்லாத்தான் இருக்கு' என்று சாவியைத் தந்துவிடுவார். நாலாம் நாள் டேஷ்போர்டில் அதே விளக்கு மறுபடி எரியும்.

இப்படித் திரும்பத் திரும்ப வரும் பழுதுக்கு வாரண்டி உண்டு. வாரண்டியை நிறைவேற்றாதவரைக் கேள்வி கேட்கச் சட்டமும் உண்டு. ஆனால் எத்தனை முறை பார்த்தும் தீராவிட்டால் வண்டியை மாற்றித் தர வேண்டும் என்று எண்ணிக்கையும் நாளும் குறித்த விதி இந்தியாவில் இல்லை. பழுது வண்டியோடு பிறந்ததா, பிறகு வந்ததா என்று நிரூபிக்கும் சுமையும் பெரும்பாலும் வாங்கியவர் தலையிலேயே விழுகிறது. இரண்டும் மாறியாக வேண்டும்.

திருநெல்வேலி மாவட்டம் களக்காட்டில் இது யாருக்கோ நேரும் சங்கதியல்ல. மலையடிவாரத்தில் பச்சையாற்றுத் தண்ணீரில் விளையும் வாழையில் கணிசமான பங்கு கேரளச் சந்தைக்குப் போவது. ஓணத்துக்கு முந்தைய வாரங்களில் ஏத்தன் வாழைத்தாருக்கு இருக்கும் கிராக்கி ஊரறிந்தது. மாலையில் ஏற்றி விடியுமுன் இறக்க வேண்டிய சரக்கு அது. வெட்டிய தார் யாருக்காகவும் காத்திருக்காது. ஒரு வழி நாங்குநேரி, நாகர்கோவில் தாண்டித் திருவனந்தபுரத்துக்கு. இன்னொன்று சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம், செங்கோட்டை என்று போய் ஆரியங்காவு கணவாயில் ஏறும். கணவாய் வளைவில், நள்ளிரவில், லோடோடு ஹெட்லைட் அணைந்தால் என்ன ஆகும் என்பதை வாரண்டிப் புத்தகத்தில் தேடிப் பயனில்லை. வண்டி நின்ற நாளின் வாடகை, பழுத்துப்போன தாருக்கு வியாபாரி பிடித்துக்கொள்ளும் பணம், மாதம் தவறாமல் வரும் பைனான்ஸ் டியூ ஆகியவை 'தொடர் இழப்பு' என்ற ஒரே சொல்லில் அந்தப் புத்தகத்திலிருந்து ஒதுக்கப்பட்டிருக்கும்.

மின்பழுது பெருகியதற்குக் காரணம் உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ்.6 மாசுக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. பி.எஸ்.4-இலிருந்து ஒரே தாவலில் வந்த மாற்றம் அது. புகைக்குழாயில் நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் சென்சார், யூரியாக் கரைசல் தெளிக்கும் அமைப்பு, இவற்றைக் கண்காணிக்கும் கணினி எல்லாம் கனரக லாரிகளில் பரவலாயின. 2023 ஏப்ரலில் இரண்டாம் கட்டம் வந்தபோது கண்காணிப்பு இன்னும் இறுகியது. இப்போது ஒரு சென்சாருக்குப் போகும் கம்பியில் ஈரம் புகுந்தால் போதும், புகைக்கட்டுப்பாடு பழுதென்று கணினி எடுத்துக்கொண்டு இன்ஜினின் வலுவைக் குறைத்துவிடும். இன்ஜினுக்கு ஒரு குறையும் இருக்காது, ஏற்றத்தில் மட்டும் வண்டி திணறும். பழைய லாரியை ஊர் எலக்ட்ரீஷியன் டெஸ்ட் லாம்பை வைத்தே சரிசெய்துவிடுவார். புது வண்டியில் அவர் கைவைத்தால் வாரண்டி போய்விடும் என்ற பயம் ஓனருக்கு. 2025 அக்டோபர் முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏசியும் கட்டாயம். ஓட்டுநர் உடம்புக்கு நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு வசதியும் இன்னும் சில கம்பிகளையும் ரிலேக்களையும் கூட்டிக்கொண்டே வருகிறது.

பெரும்பாலும் பழுதின் ஊற்றுக்கண் மிகச் சிறியது. லாரியில் மின்சாரம் பேட்டரியின் நெகடிவுக்குத் திரும்பும் வழி சேஸிஸ் இரும்புதான். எர்த் கம்பியின் வளையத்தைச் சேஸிஸில் போல்ட்டால் முறுக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டாமல் விட்டிருந்தால் போதும். பெயின்ட் மின்சாரத்தைத் தடுக்கும்; போல்ட்டின் மரை வழியாக மட்டும் கொஞ்சம் போகும். அதிர்வில் போல்ட் தளரத் தளரத் தடை ஏறும். அப்போது பிரேக் பிடித்தால் இண்டிகேட்டர் மினுக்கும், ஹாரன் அடித்தால் மீட்டர் முள் துள்ளும். வாழை ஏற்றும் வண்டிக்கு இன்னொரு தொல்லை. தார்க்காம்பிலிருந்து வடியும் கறைநீரும் மழைநீரும் தொட்டித் தரையின் இடுக்கு வழியே இறங்கிப் பின்விளக்குக் கனெக்டரில் தங்கும். கனெக்டரைப் பிரித்தால் பின்னில் பச்சைக் களிம்பு. பேட்டரியில் முழு வோல்ட் காட்டும் மீட்டரை இந்த இடத்தில் வைத்தால் அதைவிடக் குறைவாகவே காட்டும். பின்னைச் சுத்தம் செய்ய அரைமணி நேரம் போதும். களிம்பு எங்கே பிடித்திருக்கிறது என்று தேடத்தான் இரண்டு நாள் வேண்டும். அந்தத் தேடலுக்குத்தான் சர்வீஸ் சென்டர்களில் ஆளும் பொறுமையும் குறைவு. ஒரு பாகத்தைக் கழற்றி இன்னொன்றை மாட்டுவது எளிது.

பாடி கட்டும் முறை வேறு இதில் ஒரு குழப்பத்தைச் சேர்க்கிறது. பெரிய லாரியைக் கம்பெனி பெரும்பாலும் சேஸிஸாகத்தான் விற்கிறது. பாடி கட்டுவது நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிப் பட்டறைகளில். பின்விளக்கு, பக்கவிளக்கு, சிலசமயம் கேபின் வயரிங்கும் அங்கேதான் சேரும். பிறகு ஓனர் தன் பங்குக்கு ஏர் ஹாரன், பாட்டுப்பெட்டி, நெற்றியில் சீரியல் பல்பு என்று மாட்டுவார். சும்மா சொல்லக்கூடாது, ஆயுதபூஜை முடிந்த மறுவாரம் ஃபியூஸ் போகும் வண்டிகளும் உண்டு. ஆகவே 'வெளியாள் கைவைத்த வயரிங்' என்று டீலர் சொல்வது எப்போதும் சாக்காகிவிடாது. ஆனால் சீரியல் பல்பு மாட்டியதற்கும் யூரியா சென்சார் போவதற்கும் என்ன சம்பந்தம் என்பதைச் சொல்ல வேண்டியவர் அந்தக் காரணத்தைக் காட்டுபவர்தான். இன்று அவர் வாயால் சொன்னாலே போதும் என்றிருக்கிறது. பேட்டரிக்கும் டயருக்கும் அந்தந்தக் கம்பெனிகளே பொறுப்பு என்பதால் அலைச்சல் இன்னும் கூடும். டீலர் பேட்டரிக் கம்பெனியைக் காட்டுவார், அவர்கள் ஆல்டர்னேட்டரைக் காட்டுவார்கள், ஆல்டர்னேட்டரைச் சோதிக்க மறுபடி டீலரிடமே போக வேண்டும்.

நுகர்வோர் சட்டத்தின் வாசலிலும் ஒரு தடை இருக்கிறது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வணிக நோக்கத்துக்குப் பொருள் வாங்கியவர் நுகர்வோர் அல்ல. சுயதொழிலால் பிழைப்பதற்கென்றே வாங்கியவருக்கு மட்டும் விலக்கு. இதன் எல்லையை 1995-இல் வரைந்தது உச்ச நீதிமன்றம். கோவை பி.எஸ்.ஜி. நிறுவனத்திடம் எந்திரம் வாங்கிய லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் என்ற சிறுதொழில் நிறுவனத்தின் வழக்கு அது. லாரியைத் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர். உதவிக்கு ஓரிரு ஆட்களை வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது. முழுக்க வேறொருவர் ஓட்டுவதற்கென்று வாங்கினால் நுகர்வோர் அல்ல என்றது தீர்ப்பு. வழக்குப் போட்ட நிறுவனம் தோற்றது. ஆனால் அந்தத் தீர்ப்பின் விளக்கம்தான் இன்றும் லாரி ஓனர்களுக்குக் கைகொடுக்கிறது.

அந்த விளக்கம் நியாயமானது, போதுமானதல்ல. களக்காட்டில் ஒற்றை வண்டி வைத்திருப்பவர் முதல் ஐந்து வருடம் தானே ஓட்டுவார். முதுகு வலி வந்ததும் அக்காள் மகனையோ, சம்பளத்துக்கு ஒரு டிரைவரையோ அமர்த்துவார். கடனும் டியூவும் அவர் பெயரில்தான். நடை இல்லாவிட்டால் அவர் வீட்டு அடுப்புதான் எரியாது. ஸ்டியரிங்கில் யார் கை இருக்கிறது என்பதைக் கொண்டு அவரையும் ஐம்பது லாரி ஓட்டும் டிரான்ஸ்போர்ட் கம்பெனியையும் ஒரே வரிசையில் நிறுத்துவது பொருத்தமில்லை. ஓரிரு வண்டி மட்டுமே வைத்திருப்பவரை, யார் ஓட்டினாலும், நுகர்வோராகக் கொள்ளும்படி சட்டத்தின் விளக்கம் விரிய வேண்டும்.

வாசலைத் தாண்டியவருக்கு நிரூபணம் அடுத்த சிக்கல். குறையுள்ள பாகத்தை மாற்றினாலே தீருமென்றால் முழு வண்டியையும் மாற்றித் தரக் கேட்க முடியாது என்று 2006-இல் மாருதி உத்யோக் எதிர் சுஷீல் குமார் கப்கோத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வாரண்டியின் வாசகமே அவ்வளவுதான் என்பது அதன் வாதம். 2010-இல் சி.என். அனந்தராம் எதிர் ஃபியட் இந்தியா வழக்கில், சுதந்திரமான தொழில்நுட்ப வல்லுநர் ஒருவர் உற்பத்திக் குறை இருப்பதாகச் சொன்னால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எல்லாமே அந்த வல்லுநர் அறிக்கையில் வந்து நிற்கிறது. நின்ற இடத்தில் மறையும் மின்பழுதுக்கு அறிக்கை தரக்கூடிய வல்லுநரை ஒற்றை லாரிக்காரர் எங்கே தேடுவார்? தெரிந்த பொறியாளர் எல்லாரும் ஏதாவது ஒரு டீலரிடம் வேலை பார்ப்பவர்களாக இருப்பார்கள்.

இங்கே மாநில அரசு செய்யக்கூடிய வேலை ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பொருளைச் சோதித்தால்தான் குறை தெரியும் என்றால் அதை ஆய்வகத்துக்கு அனுப்ப மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அறிக்கைக்கு 45 நாள் கெடு. தகுந்த ஆய்வகம் எது என்று அங்கீகரிக்க மத்திய அரசைப் போலவே மாநில அரசாலும் முடியும். திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் துறையும் மின்துறையும் இருக்கின்றன. பேட்டையில் அரசு ஐடிஐ இருக்கிறது. வண்டி மின்பழுதுகளுக்கான சோதனைக்கூடமாக இவற்றை அங்கீகரித்து, கருவிகளும் வாங்கித் தந்தால், தாமிரபரணிக்கரை ஓட்டுநர் டீலரின் ஸ்கேனரை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. கட்டணத்தை முதலில் அரசு ஏற்று, தோற்றவரிடம் பின்னர் வசூலிக்கலாம்.

எண்ணிக்கை விதிக்கு வெளிநாட்டு முன்னுதாரணம் பழையது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் 1982-லேயே இதற்குச் சட்டம் கொண்டுவந்தது. அங்கே ஒரே பழுதை நான்கு முறை பார்த்தும் தீராவிட்டாலோ, வண்டி மொத்தம் 30 நாள் பட்டறையில் கிடந்தாலோ மாற்று வண்டி அல்லது பணம் கேட்கலாம். தமிழர் வாழும் சிங்கப்பூரில் 2012 செப்டம்பரில் வந்த விதி வேறு பக்கத்திலிருந்து பிடித்தது. பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை, விற்ற அன்றே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லையென்றால் விற்றவர் நிரூபிக்கட்டும் என்கிறது அது. இந்தியாவுக்கு இரண்டும் சேர்ந்தே வேண்டும். தொழில் வண்டிகளை வெளியே தள்ளாமல் வேண்டும்.

விதி வரும்வரை ஓட்டுநர் கையில் இருக்கும் ஆயுதம், வண்டியை விடும்போது சர்வீஸ் சென்டரில் பழுதை எழுதும் ஜாப் கார்டுதான். 'ஜெனரல் செக்கப்' என்று எழுதி நீட்டினால் கையெழுத்துப் போடக்கூடாது. 'மழையில் இடது ஹெட்லைட் அணைகிறது, இது மூன்றாம் முறை' என்று ஓனர் சொன்னபடியே எழுத வேண்டும், வண்டி உள்ளே போன நாளும் வெளியே வந்த நாளும் அதில் ஏற வேண்டும், நகல் வேண்டும். வழியில் பழுது வந்த நேரத்திலேயே செல்போனில் டேஷ்போர்டைப் படம்பிடித்து வைத்துக்கொள்வது நல்லது; எரர் கோடை அழித்தாலும் அந்தப் படம் இருக்கும். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி புகார் தருபவர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். சென்னையிலோ புணேயிலோ தலைமையகம் உள்ள கம்பெனியும் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு வந்து பதில் சொல்ல வேண்டும். 10 லட்ச ரூபாய்க்கு மேற்படாத வண்டிக்குக் கட்டணம் 200 ரூபாயைத் தாண்டாது. இணையவழியாகவும் தாக்கல் செய்யலாம். 1915 என்ற உதவி எண்ணும் உண்டு. கெடு, வழக்குக்குக் காரணமான நாளிலிருந்து இரண்டு வருடம். 'அடுத்த வாரம் பார்ட்ஸ் வரும்' என்ற பேச்சை நம்பியே அந்த இரண்டு வருடமும் கழிந்துவிடக்கூடாது.

வாரண்டியில் ஒரு திருத்தம் மட்டும் எந்தச் சட்டத்துக்கும் காத்திராமல் கம்பெனிகளே செய்துவிடலாம். வண்டி சர்வீஸ் சென்டரில் நிற்கும் நாளிலும் வாரண்டிக் காலம் ஓடிக்கொண்டிருக்கிறது. பார்ட்ஸ் இல்லாமல் இருபது நாள் நின்ற வண்டிக்கு இருபது நாள் வாரண்டி போனது போனதுதான். ஜாப் கார்டில் ஏறிய ஒவ்வொரு நாளையும் வாரண்டியின் வால் பக்கத்தில் சேர்த்துக் கொடுத்தால், பார்ட்ஸை வரவழைப்பதில் இப்போது இல்லாத அவசரம் தானாக வந்துவிடும்.