தாத்தாவின் கமலையும் பேத்தியின் கப்பியும்

சுரண்டைப் பக்கம் பள்ளிக்கூட டூர் என்றால் குற்றாலம், மிஞ்சிப்போனால் பாபநாசம். குற்றாலத்தில் ஓர் அரசு அருங்காட்சியகம் இருப்பதுகூட, ஈரத் துண்டோடு பஸ்ஸைத் தேடும் கூட்டத்தில் பலருக்குத் தெரியாது. அறிவியலைத் தொட்டுப் பார்க்கிற மாதிரியான இடம் வேண்டுமென்றால், ஆலங்குளம் வழியாகத் திருநெல்வேலிக்குத்தான் பஸ் ஏற வேண்டும். அங்கே கொக்கிரகுளத்தில், தாமிரபரணிக் கரையில் 1987 முதல் மாவட்ட அறிவியல் மையம் இயங்குகிறது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானதும், சுரண்டைக்காரர்களுக்கு அது 'பக்கத்து மாவட்ட' மையமாகிவிட்டது. தூரம் என்னவோ அதேதான்.

இந்தக் கோடை லீவில் அங்கே கிளம்பிய ஒரு குடும்பத்தில் மூன்று பேர். பீடி சுற்றும் அம்மா, பத்தாம் வகுப்பு முடித்த மகள், அப்பா வழித் தாத்தா. வீட்டில் ஒரு வாரமாக ஒரே பேச்சு. மகளுக்கு பயாலஜி குரூப் வேண்டும். தாய்மாமாவோ, "காமர்ஸ் போதும், பக்கத்துலயே வேலைக்குப் போயிரலாம்" என்கிறார். அம்மாவுக்கு டியூஷன் செலவை நினைத்துப் பயம். ஒரு நாள் தட்டைத் தொடாவிட்டால் அந்த வாரக் கணக்கில் துண்டு விழும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. திருநெல்வேலி பஸ்ஸில் உண்டு. இருந்தாலும் கிளம்பினார்கள்.

ஜங்ஷனில் இறங்கி, 1843-ல் திறக்கப்பட்ட சுலோச்சன முதலியார் பாலத்தைக் கடந்தால் கொக்கிரகுளம். உள்ளே போனதும் தாத்தா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். மியூசியம் என்றால் எதையும் தொடக் கூடாது என்பது அவர் கணக்கு. இங்கே தலைகீழ், திருகி, இழுத்து, சுழற்றித்தான் பார்க்க வேண்டும். இந்த 'தொட்டுப் பார்' பாணியை உலகம் முழுக்கப் பரப்பியதில் அமெரிக்காவின் ஃபிராங்க் ஓப்பன்ஹைமருக்குப் பெரிய பங்கு உண்டு. அணுகுண்டு ஓப்பன்ஹைமரின் தம்பிதான். 1969-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் 'எக்ஸ்ப்ளோரடோரியம்' தொடங்கியவர்.

கப்பிகள் இருந்த இடத்தில் மகள் பாடப்புத்தகத்தை ஒப்பித்தாள். "நிலையான கப்பி விசையைக் குறைக்காது தாத்தா. திசையை மட்டும்தான் மாத்தும்."

"அது எனக்குத் தெரியாதா? கமலையில அந்த உருளைதானே?"

கமலை பார்க்காத தலைமுறைக்கு அவர் விளக்கினார். கிணற்று மேட்டில் உருளை. அதன் மேல் வடம். வடத்தின் ஒரு முனையில் தண்ணீர் அள்ளும் கூனை, மறுமுனையில் மாடுகள். மாடு நடக்கிற பாதை மட்டும் சமதரையாக இருக்காது, சரிவாக இறங்கும்.

"ஏன் சரிவா வெட்டினோம்? சொல்லு பாப்போம்."

மகள் கொஞ்ச நேரம் கயிற்றையே பார்த்தாள். "மாடு கீழ இறங்கும்போது அதோட எடையும் சேந்து இழுக்கும். உருளையால சுமை குறையாது. அதான் சரிவுல குறைச்சிருக்காங்க."

தாத்தா மருமகளைத் திரும்பிப் பார்த்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பூங்காவிலுள்ள டைனோசர் சிலைகளிடம் அதிக நேரம் போனது. "இதெல்லாம் வெளிநாட்டுல உள்ளதுதானே?" என்றார் அம்மா. இல்லை. அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் ராட்சத எலும்புகள் கிடைத்து, 1980-களின் இறுதியில் அவற்றுக்குப் 'புருகத்காயோசரஸ்' என்று பெயரும் வைத்தார்கள். உலகின் மிகப் பெரிய டைனோசர்களில் ஒன்றாக இருக்கலாம் என்ற பேச்சு இன்றும் உண்டு. ஆனால், அந்த எலும்புகள் சிதைந்து அழிந்துவிட்டன. மிச்சம் இருப்பது படங்களும் அளவுகளும்தான். மியூசியம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. இப்போது அரியலூர் பக்கம் வாரணவாசியில் புதைபடிவங்களுக்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது. கடல் இருந்த காலத்து அம்மோனைட் கல்லெல்லாம் அந்த மண்ணில்தான் கிடைக்கிறது.

திரும்பும் பஸ்ஸில் ஆலங்குளம் வரை அம்மா பேசவே இல்லை. பிறகு கேட்டார்.

"ஏட்டி, டியூஷன் இல்லாம படிச்சிருவியா?"

"படிச்சுப் பாக்கேம்மா. முடியலன்னா சொல்லுதேன்."

"அப்போ பயாலஜின்னே எழுதிக் குடு. மாமாகிட்ட நான் பேசிக்கிடுதேன்."

"நானும் பேசுதேன்" என்றார் தாத்தா, ஜன்னல் பக்கம் திரும்பியபடியே.

போக நினைப்பவர்களுக்கு: காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் பூங்காவில் நிற்க முடியாது. 3டி காட்சி, காற்றடைத்த கூடாரத்துக்குள் குனிந்து நுழைந்து பார்க்கும் கோளரங்கக் காட்சி இரண்டுக்கும் நேரத்தை டிக்கெட் கவுன்ட்டரிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுப் பெரியவர்களைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். பலகையில் எழுதாத பாதி விஷயம் அவர்களிடம் இருக்கிறது.