கேட்டுக்கு உள்ளே இரண்டு சாதி வேண்டாம்: ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழிலாளர்களின் பொது வேண்டுகோள்



நாங்கள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மறைமலை நகர் வட்டாரத்து ஆலைகளில் வேலை பார்க்கிறவர்கள். ஆலை மூடி வெளியே வந்தவர்களும் எங்களில் உண்டு. சிலர் பெர்மனென்ட், சிலர் காண்ட்ராக்ட். இரண்டு தரப்பும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டு மக்கள் முன் வருவது இந்தப் பக்கம் அதிகம் நடப்பதில்லை. அதனால்தான் இதைக் கவனித்துப் படிக்கும்படி கேட்கிறோம்.

கம்பெனி வேறு நாட்டுக்குப் போகப்போகிறது என்ற பேச்சு எழுந்தவுடன் ஆலைக்குள் ஓர் ஆறுதல் வார்த்தை சுற்றும். "எடுத்தா முதல்ல காண்ட்ராக்ட் ஆளுங்களைத்தான் எடுப்பாங்க. நமக்கு ஒண்ணும் ஆகாது." இதைச் சொன்னவர்களும் நம்பியவர்களும் எங்களிடையே இருக்கிறார்கள். அந்த நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இந்த வட்டாரமே பார்த்திருக்கிறது.

நோக்கியா ஆலையை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 2006-ல் உற்பத்தி தொடங்கியது. அரசுத் தொழிற்பேட்டையான சிப்காட்டில் நிலம், வரிச் சலுகை, சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று அரசு எல்லாம் கொடுத்தது. காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் இருந்தும், அதற்கு அப்பால் இருந்தும் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் வேன் ஏறி வந்து போன் செய்தார்கள். பிறகு கம்பெனி மீது வரி வழக்கு வந்தது. கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. சென்னை ஆலை அந்த விற்பனையில் சேராமல் தனியே நின்றது. 2014 ஏப்ரலில் வி.ஆர்.எஸ். என்ற விருப்ப ஓய்வுத் திட்டத்தை அறிவித்தார்கள். அந்த ஆண்டு நவம்பர் 1 முதல் உற்பத்தியே நின்றது. போன் செய்யும் வேலை வியட்நாமில் தொடர்ந்தது. அங்கே வெளியே வந்தவர்களில் பெரும்பாலோர் பெர்மனென்ட். நிரந்தரம் என்று அச்சிட்ட கடிதம் அவர்கள் கையில் இருந்தது.

இப்படி வேலை ஊர் மாறுவது நம் ஊரில் மட்டும் நடந்ததல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் போஹும் நகரில் இருந்த நோக்கியா ஆலையை 2008-ல் மூடி, ருமேனியாவில் க்ளூஜ் பக்கம் கொண்டுபோனார்கள். 2011-ல் க்ளூஜையும் மூடுவதாக அறிவித்தார்கள். ஆகவே வியட்நாம் தொழிலாளி மீது எங்களுக்குக் கோபம் இல்லை. நாளைக்கு அவர் வாசலிலும் இதே நோட்டீஸ் ஒட்டப்படலாம். ஆனால் போஹும் நகரில் நடந்த ஒன்றை நம் அரசு கவனித்திருக்க வேண்டும். சொன்ன அளவுக்கு வேலை தரவில்லை என்று அந்த மாநில அரசு, தான் கொடுத்த மானியத்தைத் திருப்பிக் கேட்டது. தொழிலாளர்களும் சங்கம் வழியாகப் பேசிப் பெரிய தொகையை வாங்கினார்கள்.

அடுத்தது ஃபோர்டு. 2021 செப்டம்பர் 9 அன்று இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவிப்பு வந்தது. மறைமலை நகரில் பெர்மனென்ட் தொழிலாளர்கள் சுமார் 2,600 பேர். 2022 மே மாதக் கடைசியில் வேலையை நிறுத்திப் போராடினார்கள். முடிவில் வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் சராசரியாக 130 நாள் சம்பளம் என்று செட்டில்மென்ட் ஆனது. சட்டப்படி ஆட்குறைப்புக்கு ஆண்டுக்கு 15 நாள் சம்பளம்தான். சங்கம் இருந்ததால் கிடைத்த வித்தியாசம் இது, போராடியவர்களை வணங்குகிறோம். ஆனால் அந்தச் செட்டில்மென்ட் பெர்மனென்ட் தொழிலாளர்களுக்கானது. கேன்டீனில் பரிமாறியவர், லோடு ஏற்றியவர், பாகம் செய்து அனுப்பிய சின்னக் கம்பெனிகளில் காண்ட்ராக்டாக நின்றவர் யாரும் அந்தப் பேச்சுவார்த்தை மேசையில் இல்லை.

வேறோர் ஆலையில் மூடல் எப்படி வந்தது என்பதை எங்களில் சிலர் அனுபவித்தோம். பெர்மனென்ட் ஆட்களுக்குப் பதிவுத் தபாலில் கடிதம் வந்தது. கணக்கு எழுதி, பி.எஃப்., கிராஜுவிட்டி விவரம் போட்டு, யாரிடம் போக வேண்டும் என்றுகூடக் குறிப்பிட்டிருந்தார்கள். காண்ட்ராக்ட் ஆட்களுக்கு இரவு ஷிப்ட் வேனுக்காகக் காத்திருந்தபோது காண்ட்ராக்டரின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி வந்தது: "நாளை முதல் யாரும் வர வேண்டாம்." மறுநாள் போன் செய்தால் எடுக்கவில்லை. சிலருக்கு அந்த மாதத்து ஓவர்டைம் பணம் இன்னும் வரவில்லை. இரண்டு தரப்பினரும் ஒரே லைனில், பக்கத்துப் பக்கத்து ஸ்டேஷனில், ஒரே ஸ்க்ரூ டிரைவரை ஷிப்ட் மாற்றிப் பிடித்தவர்கள். சட்டை நிறமும் அடையாள அட்டைக் கயிறும்தான் வேறு.

இது காண்ட்ராக்ட் தொழிலாளியின் துயரம் மட்டும் என்று பெர்மனென்ட் தோழர்கள் நினைத்துவிடக் கூடாது. உங்கள் வேலைக்கான காப்பும் இதனால்தான் தேய்கிறது. பழைய தொழில் தகராறு சட்டப்படி 100 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் ஆலையை மூட அரசின் முன் அனுமதி வேண்டியிருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில் அந்த எண்ணிக்கை 300 ஆகிவிட்டது. 250 பெர்மனென்ட், 900 காண்ட்ராக்ட் உள்ள ஓர் ஆலையை எண்ணிப் பாருங்கள். அந்த 900 பேரும் ஐந்தாறு காண்ட்ராக்டர்களின் பெயரில் பிரிந்து கிடந்தால், "எங்கள் ஆட்கள் 250 பேர்தான்" என்று நிர்வாகம் வாதாட வழி கிடைக்கிறது. வெளியேறும் செலவு குறைந்தால் வெளியேறுவது எளிது. பக்கத்தில் நிற்கிறவரின் பெயர் பதிவேட்டில் இல்லாதது உங்கள் தலைக்கு மேல் உள்ள கூரையையும் பிரிக்கிறது. நாட்டின் பதிவு பெற்ற ஆலைகளில் 10 தொழிலாளர்களில் ஏறக்குறைய 4 பேர் காண்ட்ராக்ட் என்று ஒன்றிய அரசின் ஆண்டுத் தொழில் கணக்கெடுப்பே காட்டுகிறது.

நம் மாநிலத்தில் ஒரு நல்ல சட்டம் உண்டு. 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவருக்கு நிரந்தரத் தகுதி தர வேண்டும் என்கிறது 1981-ஆம் ஆண்டுச் சட்டம். அந்த 480 நாளை நெருங்க விடாமல் செய்யும் வேலையும் இங்கே நுணுக்கமாக நடக்கிறது. காண்ட்ராக்டர் பெயர் மாறும், ஆள் மாறமாட்டார். நடுவில் சில நாள் 'பிரேக்' கொடுத்துப் புது அட்டை தருவார்கள். டிரெய்னி என்பார்கள், அப்ரண்டிஸ் என்பார்கள். கற்றுக்கொடுக்க ஆள் இருக்காது, டார்கெட் மட்டும் இருக்கும். காண்ட்ராக்ட் முறை ஓர் இடத்தில் தடை செய்யப்பட்டாலும் அங்கிருந்தவர் தானாகவே நிரந்தரம் ஆகிவிட மாட்டார் என்று 2001-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் சொல்லிவிட்டது. ஆகவே சட்டம் தானாக வந்து காப்பாற்றும் என்று உட்கார்ந்திருக்க முடியாது.

பெர்மனென்ட் தோழர்களே, உங்கள் சங்கத்தில் காண்ட்ராக்ட் தொழிலாளியைச் சேர்க்க விதியில் இடம் இல்லை என்றால் விதியைத் திருத்துங்கள். அடுத்த ஊதிய ஒப்பந்தப் பேச்சில், ஆலை மூடினாலோ இடம் மாறினாலோ லைனில் நின்ற எல்லோருக்கும் ஆண்டுக்கணக்கில் இழப்பீடு என்ற ஒரு பிரிவைக் கேளுங்கள். அதற்காக உங்கள் உயர்வில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டி வரலாம். அதையும் தெரிந்துதான் கேட்கிறோம். இதில் கையெழுத்திட்ட பெர்மனென்ட் தொழிலாளர்கள் அதற்குத் தயார்.

காண்ட்ராக்ட் தம்பி, தங்கைகளே, சம்பளச் சீட்டு, பழைய அடையாள அட்டை, ஈ.எஸ்.ஐ. எண், காண்ட்ராக்டர் அனுப்பிய செய்தி எதையும் தூக்கி எறியாதீர்கள். பி.எஃப். பாஸ்புக்கை மாதம் ஒருமுறை திறந்து, எந்தக் காண்ட்ராக்டர் பெயரில் பணம் ஏறுகிறது என்று பாருங்கள். காண்ட்ராக்டர் சம்பளம் தராமல் ஓடினால் அதைக் கொடுக்க வேண்டிய பொறுப்பு ஆலை நிர்வாகத்துக்கு உண்டு. இதைத் தொழிலாளர் துறையில் எழுத்து மூலம் கேட்கலாம். நீங்கள் அங்கே வேலை பார்த்தீர்கள் என்பதற்குச் சாட்சி அந்தத் தாள்கள்தான்.

வீடு வாடகைக்கு விட்டவர்கள், மெஸ் நடத்துகிறவர்கள், வேன் ஓட்டுகிறவர்கள், கடை வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் இதில் பங்கு இருக்கிறது. ஆலை மூடிய மாதம் இந்த ஊர்களில் அறைகள் காலியாகக் கிடந்ததை நீங்கள்தான் பார்த்தீர்கள்.

அரசிடம் நாங்கள் கேட்பது புதிதாக ஒன்றும் இல்லை. நிலமும் மின்சாரமும் சலுகையும் பொதுச் சொத்து. புரிந்துணர்வு ஒப்பந்தம் போடும் மேடையில் எத்தனை கோடி முதலீடு, எத்தனை பேருக்கு வேலை என்று அறிவிக்கிறார்கள். அந்த வேலையில் எத்தனை நிரந்தரம், எத்தனை காண்ட்ராக்ட் என்பதையும் அதே மேடையில் அறிவிக்கட்டும். சொன்ன கணக்குக் குறைந்தால் சலுகையைத் திரும்ப வாங்கும் பிரிவை எழுதட்டும். மறைமலை நகர் ஆலையை ஏற்றுமதிக்காக மறுபடி பயன்படுத்துவதாக 2024 செப்டம்பரில் ஃபோர்டு மாநில அரசுக்குக் கடிதம் கொடுத்தது. வரவேற்கிறோம். அங்கே ஆள் எடுக்கும்போதே இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும்.

வரும் மே 1, தொழிலாளர் தினத்தன்று, கிராம சபை கூடும். சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊராட்சிகளில் இருப்பவர்கள் அன்று ஒரு மணி நேரம் ஒதுக்கி வாருங்கள். நம் ஊர் நிலத்தில் நடக்கும் ஆலைகள் நிரந்தர, காண்ட்ராக்ட் தொழிலாளர் எண்ணிக்கையை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும், மூடினால் எல்லோருக்கும் இழப்பீடு தர வேண்டும் என்ற தீர்மானத்தை முன்மொழியுங்கள். அது மினிட் புத்தகத்தில் ஏறும்வரை எழுந்து போகாதீர்கள். நாங்களும் அங்கே இருப்போம்.