பின்னால் ஏறுகிறவர்கள்

கெப், பட்டா, கன்டர் எதுவானாலும் பின்னால ஆள் ஏற்றினா பொலிஸ் மறித்துத் தண்டம் எழுதவேணுமாம். சரி, எழுதட்டும். அடுத்த நாள் வெங்காயம் கிண்டப் போற அக்காமார் எதில போறது? விடிய ஐந்து மணிக்கு எந்த பஸ் அந்த ஒழுங்கைக்குள்ள வருது?

ஆபத்தை நாங்கள் மறுக்கவில்லை. அது சாமான் ஏற்றச் செய்த இடம். சடாரென்று பிரேக் அடித்தால் மூட்டையும் மனிசரும் ஒன்றுதான். முன் ஆசனத்தில் இருப்பவருக்கு 2011 முதல் ஆசனப்பட்டி கட்டாயம். பின்னால் நிற்கிற பதினைந்து பேருக்குப் பிடிக்க ஒரு கயிறு.

தாய்லாந்தில் 2017 ஏப்ரலில், சொங்க்ரான் புத்தாண்டுக்குச் சற்று முன், இராணுவ அரசு இதே தடையைப் போட்டுப் பார்த்தது. ஊருக்குப் போக வேறு வழியில்லாத சனம் கொதித்தது. பண்டிகை முடியும்வரை பிடிக்கமாட்டோம் என்று அரசு பின்வாங்கியது. ஆட்சியைப் பிடித்த இராணுவத்துக்கே அந்த நிலை!

ஆகவே நாங்கள் கேட்பது வேறு. வேலைக்கு ஆள் ஏற்றுகிற தோட்டமும் ஒப்பந்தக்காரரும் ஆசனமுள்ள வாகனம் பிடிக்கட்டும். பிடிக்காவிட்டால் தண்டம் அவர்களுக்கு. தேர்தல் கூட்டத்துக்கு லொறியில் சனம் ஏற்றுகிற கட்சிக்காரருக்கும் சேர்த்துத்தான்.