பிள்ளை செய்த பிழை யாது?

மடுல்சீமைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் நெடுங்காலம் ஆசிரியனாக இருந்தவன் நான். அண்மையில் தமிழ்நாட்டு முகாமொன்றிலிருந்து பழைய மாணவர் ஒருவரின் கடிதம் வந்தது. 1983ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் பெற்றோர் அவரை வவுனியாவுக்கு அழைத்துச் சென்றனர். அங்கிருந்து மன்னார்க் கரைக்கும், பின்னர் படகில் இராமேசுவரத்துக்கும் கொண்டு போயினர். அப்போது அவருக்கு வயது ஏழு. இன்று ஐம்பதை நெருங்கிவிட்டார். "எங்களைத் திருப்பி அனுப்பமாட்டார்களாம், சேர். ஆனால் நான் எந்த நாட்டான் என்பதை மட்டும் ஒருவரும் சொல்வதாயில்லை. பள்ளிக்கூட இடாப்பில் என் பெயர் இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டிருந்தார்.

அவர் சொல்வது உண்மையே. 2015 ஜனவரி 9ஆம் திகதிக்கு முன் தஞ்சம் புகுந்து பதிவு பெற்ற இலங்கைத் தமிழர், கடவுச்சீட்டும் விசாவும் இல்லாத காரணத்துக்காகத் தண்டிக்கப்படமாட்டார்கள் என 2025 செப்டெம்பரில் இந்திய உள்துறை அமைச்சு ஆணை பிறப்பித்தது. நன்று. ஆயினும் தண்டனையின்மை வேறு, குடியுரிமை வேறு. 2019ஆம் ஆண்டின் இந்தியக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்காளதேசம் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தோரையே கருதிற்று. இலங்கையர் அதில் இல்லை. இந்திய மண்ணில் 1987 ஜூலை 1க்கு முன் பிறந்த பிள்ளை பிறப்பாலேயே இந்தியக் குடி. அதன்பின் பிறந்தால் பெற்றோரின் நிலை பார்க்கப்படும். ஒரே முகாமில் ஒரே தாய்க்குப் பிறந்த அண்ணன் குடிமகன், தம்பி அந்நியன் என்ற விந்தை இதனால் நேரக்கூடும்.

இதனினும் பெரிய விந்தை ஒன்றுண்டு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மாணவரின் பாட்டனாரை "நீ இந்தியன்" என்று ஒதுக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் திகதி சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்றோராகக் கணக்கிட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம் சரிபாதியாக்கியது. பிறந்த பிள்ளைகளும் பிறக்கவிருந்த பிள்ளைகளும் அந்த ஏட்டில் "இயற்கைப் பெருக்கம்" ஆயினர். இன்றோ பேரனை நோக்கி இந்தியா "நீ இலங்கையன்" என்கிறது. இரு நாடுகளும் விரலை மற்றக் கரையை நோக்கி நீட்டி நிற்க, நடுவில் ஒரு வாழ்வு கழிந்துவிட்டது.

இத்துயர் நமக்கு மட்டும் உரியதன்று. சிறு வயதில் பெற்றோரால் ஆவணமின்றி அழைத்துவரப்பட்டோரை நாடு கடத்துவதில்லை என 2012 ஜூனில் அமெரிக்காவில் ஜனாதிபதி ஒபாமாவின் ஆட்சி ஓர் ஏற்பாடு செய்தது. ஈராண்டுக்கொருமுறை புதுப்பிக்க வேண்டிய அப்பாதுகாப்பைப் பின்வந்த ஆட்சி நீக்க முயன்றது; முறைப்படி காரணம் காட்டவில்லையென்று 2020இல் உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது. வழக்குகள் அதன்பின்னும் ஓயவில்லை. ஆட்சி தந்த சலுகையை ஆட்சியே எடுத்துக்கொள்ளலாம். சட்டம் தந்த உரிமையை அவ்வளவு எளிதில் பறிக்கவியலாது என்பதே அது தரும் பாடம்.

எல்லையைக் காப்பது அரசின் கடமை அல்லவா, இதற்கு இடங்கொடுத்தால் சட்டத்தை மீறுவோர் பெருகாரோ எனச் சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். ஆனால் ஏழு வயதுப் பிள்ளை எல்லையைக் கடக்கவில்லை; தாயின் இடுப்பில் கடத்தப்பட்டது. குற்றம் உண்டெனினும் அது பெற்றோருடையது. அவர்களும் உயிரைக் காக்கவே ஓடினர். நாற்பது ஆண்டுகள் ஓரிடத்தில் கற்று, உழைத்து, மணந்து, பிள்ளை பெற்றவனை இன்னும் "வந்தவன்" என்பது சட்டத்துக்கும் அழகன்று.

இவ்வகையில் இலங்கை பிற்காலத்தில் செய்ததைப் பாராட்டத்தான் வேண்டும். 1964 அக்டோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் குடியுரிமை வழங்கிற்று. இந்தியாவில் தஞ்சம் புகுந்தோருக்கும் 2009ஆம் ஆண்டுத் திருத்தம் வழி திறந்தது. ஆனால் குடியுரிமை குடியிருப்பாகுமா? அம்மாணவரின் சிற்றப்பா குடும்பம் மூன்று தலைமுறையாக அதே லயத்து ஒற்றைக் காம்பராவில்தான் இருக்கிறது. காணியும் இல்லை, வீடும் இல்லை.

பாடசாலைக்குச் சென்று பழைய சேர்வு இடாப்பைப் புரட்டினேன். பெயர் இருந்தது. தந்தையின் தொழில் "தோட்டத் தொழிலாளி". விலகிய காரணம் எழுதும் கட்டம் வெறுமையாயிருந்தது. அந்தப் பக்கத்தின் பிரதியை அதிபரிடம் அத்தாட்சிப்படுத்திப் பெற்று அனுப்பினேன். "வா" என்று எழுத என் கை கூசிற்று; "வராதே" என்று எழுத எனக்கு உரிமையில்லை. இருப்பதா, திரும்புவதா என்பதை அவரே தீர்மானிக்க வேண்டும். அந்தத் தீர்மானத்தை இதுவரை அவருக்காக மற்றவர்களே செய்து வந்தார்கள்.